புத்தகத்தில் இறந்தவள்

என் மனைவி டார்கஸ் ஒரு புத்தகத்தில் இறந்துபோனாள். பனியில் விழுந்து, தன்னைச் சவுக்கால் அடித்தவனை மன்னித்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி உயிரை விட்டாள். அந்தப் புத்தகம் பாஸ்டனில் அச்சாகி எங்கள் ஒகையோ ஊருக்கு வந்து சேர்ந்த வாரம், அவள் என் வீட்டு அடுப்படியில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

எழுதியவர் அடீலியா பிரென்டிஸ், எங்கள் ஊர்ப் பாதிரியாரின் மனைவி. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அடிமை முறை இருந்த கென்டக்கியிலிருந்து ஆற்றைக் கடந்து, நனைந்த உடையோடு டார்கஸ் வந்து நின்றபோது கதவைத் திறந்தவர் அவர்தான். ஓடிவந்த அடிமைக்கு ஒரு வாய் உணவு கொடுத்தாலும் சிறை என்று சட்டம் இருந்த காலம். குளிர்காலம் முழுவதும் அவளைத் தன் பரணில் ஒளித்துவைத்தார். காய்ச்சல் கண்டபோது கூடவே உட்கார்ந்திருந்தார். வசந்தம் வந்ததும், பென்சில்வேனியாவில் பிறந்த சுதந்திரப் பெண் என்று ஊரார் நம்பும்படி அவளை வெளியே அழைத்துவந்தார். அப்படித்தான் எனக்கு அவள் கிடைத்தாள். உண்மை பிரென்டிஸ் தம்பதிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

நான் சுதந்திரமாகவே பிறந்த கறுப்பன். கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தேன். வெள்ளைக்காரர்கள்தான் வாடிக்கை. அந்த மாதம் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் பற்றியே பேசினார்கள். மரவாடி முதலாளி கோட்வின் கன்னத்தில் சோப்பு நுரையோடு அழுதார். “பாவம், எப்பேர்ப்பட்ட நல்ல ஆத்மா” என்றார். அவருடைய மரவாடியில் கறுப்பர் ஒருவருக்கும் வேலை கிடையாது.

டார்கஸுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் வாசித்துக் காட்டினேன். பெயரை மாற்றியிருந்தாலும் அது தன் கதை என்று இரண்டாம் பக்கத்திலேயே கண்டுகொண்டாள். படகு வந்த இடத்தில் கையை நீட்டித் தடுத்தாள்.

“நிறுத்து. படகை யாரு குடுத்தாங்க?”

பொன்னிற முடி கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பையன் இரக்கப்பட்டுக் கொடுத்ததாகப் போட்டிருக்கிறது என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்லால் பூட்டை உடைத்துப் படகை எடுத்தவள் அவள். அவளைச் சவுக்கால் அடித்த கங்காணி தண்ணீருக்குள் ஓடிவந்து படகின் விளிம்பைப் பிடித்தபோது, துடுப்பால் அவன் விரல்களில் ஓங்கிப் போட்டவளும் அவள்தான். புத்தகத்தில் அவள் மண்டியிட்டு ஜெபிக்கிறாள். காற்று படகைக் கரை சேர்க்கிறது.

கடைசி அத்தியாயத்தில் அவள் சிரிக்கவில்லை. “என்னை ஏன் சாகடிச்சாங்க?” என்று கேட்டாள். படிப்பவர்கள் அழ வேண்டும் என்பதற்காக இருக்கலாம் என்றேன். “நான் உயிரோட இருந்தா அழ மாட்டாங்களாமா?” என்றாள்.

இலையுதிர்காலத்தில் அடீலியா அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தப்பி வருகிறவர்களுக்காக நிதி திரட்டத் தேவாலயக் கூடத்தில் ஒரு விற்பனை நடக்கப்போவதாகவும், தான் அங்கே கடைசி அத்தியாயத்தை வாசிக்கப்போவதாகவும், டார்கஸ் தட்டளவு ஆப்பிள் பணியாரம் சுட்டுத்தந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். டார்கஸ் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, தன்னை ஏன் சாகடித்தார் என்று நேராகவே கேட்டுவிட்டாள். அம்மையாரின் முகம் சிவந்தது. இறந்ததாக எழுதினால் யாரும் தேடி வர மாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார்.

“அதுக்குக் கதையில என்னைச் சட்டம் எட்டாத கனடாவுக்கு அனுப்பியிருக்கலாமேம்மா.”

அம்மையார் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார். “டார்கஸ், நீ பூட்டை உடைச்சே, ஒருத்தனை அடிச்சேன்னு எழுதினா அவங்க புத்தகத்தை மூடி வெச்சிடுவாங்க. அவ மேல ஒரு கறைகூட இருக்கக் கூடாது. அப்பதான் அவங்க மனசு இளகும். எல்லாம் உங்க ஜனங்களுக்காகத்தானே எழுதினேன்.”

“தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். வேற யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?” டார்கஸ் எதிரே உட்கார்ந்தாள். “அவனை நான் மன்னிக்கல. படகை எடுத்தது எனக்குக் கறையாத் தெரியல. ஆனா என் மேல ஒரு கறை இருக்கு. அதை நீங்க கேக்கவே இல்ல.”

அவளுக்கு ஒரு தங்கை இருந்ததாம். ஒரே குடிசையில், ஒரே போர்வைக்குள் படுப்பார்களாம். சின்னவளுக்கு ஓயாத இருமல். புதருக்குள் பதுங்கிக் கிடக்கும்போது ஒரு இருமல் போதும், இருவரும் பிடிபட. அதனால் டார்கஸ் அவளை எழுப்பாமல் கிளம்பிவிட்டாள். போர்வையை மட்டும் இழுத்து மூடிவிட்டு வந்தாளாம். ஆறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள் இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மையார் காபியைத் தொடாமல் எழுந்து போனார். எங்கள் வாழ்க்கையே அந்த அம்மாளின் வாயில் அல்லவா இருந்தது. கிளம்பிவிடலாம் என்றேன். “அவங்களுக்குக் கோவம் வரும், ஜேரட். காட்டிக் குடுக்க வராது” என்று சொல்லிவிட்டு டார்கஸ் ஆப்பிள் நறுக்க உட்கார்ந்தாள்.

விற்பனை நாளன்று கூடம் நிறைந்திருந்தது. நாங்கள் பின்வரிசையில் பணியார மேசைக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மையார் மேடையேறிப் புத்தகத்தைத் திறந்தார். கைக்குட்டைகள் தயாராயின. அவர் புத்தகத்தை மூடினார்.

தான் எழுதிய பெண் சாகவில்லை என்றார். உங்களுக்குப் பயந்துதான் அவளைக் கொன்றேன் என்றார். அவள் படகைத் திருடினாள், ஒருவன் விரல்களை உடைத்தாள், அவனை இன்றுவரை மன்னிக்கவில்லை. இருமுகிற தங்கையை விட்டுவிட்டு வந்தாள், அதற்காகத் தன்னையும் மன்னிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “இவளுக்கு நீங்க கதவைத் திறப்பீங்களா?” என்று கேட்டார். எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கோட்வின் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். இன்னும் பலர் பின்னாலேயே போனார்கள். இப்படிப்பட்ட பெண்ணுக்காகவா நாங்கள் அழுதோம் என்று யாரோ வாசலில் சொன்னது கேட்டது. மிஞ்சியவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து தெம்பரன்ஸ் கோல் என்ற வயதான பண்ணைக்காரி எழுந்து, “அந்தத் தங்கச்சி பேரு என்ன?” என்று கேட்டாள்.

அம்மையார் விழித்தார். அவரிடம் டார்கஸ் பெயரைச் சொல்லியிருக்கவில்லை.

“ஹுல்டா” என்றாள் டார்கஸ், பணியாரத்தை வெட்டிக்கொண்டே.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தெம்பரன்ஸ் கிழவி தலை குனிந்து, ஹுல்டாவுக்காக ஜெபிப்போம் என்றாள். இருந்தவர்கள் ஜெபித்தார்கள்.

அன்று உண்டியலில் விழுந்தது சொற்பம். புதுக் கடைசி அத்தியாயத்தை எழுதி அம்மையார் பாஸ்டனுக்கு அனுப்பினார். நன்றாக விற்கிற புத்தகத்தில் எதற்குக் கை வைக்க வேண்டும் என்று அச்சகத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பே நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டோம். தங்கையின் பெயரைக் கூடத்தில் டார்கஸ் சொன்ன செய்தி கடைத்தெருவுக்கு வந்துசேர, மறுநாள் யாரோ ஒருவன் என் கடைக்கு வந்து டார்கஸ் பிறந்த ஊரை விசாரித்தான். நாற்காலியையும் கத்திகளையும் வந்த விலைக்கு விற்றேன்.

கனடாவுக்குக் கப்பல் புறப்படும் ஏரிக்கரைத் துறைமுகம் வரை அம்மையார் தன் வண்டியிலேயே எங்களைக் கொண்டுபோய் விட்டார். என்னால்தான் உங்களுக்கு இந்தக் கதி என்று வழியில் அழுதார். “பேரைச் சொன்னது நான்தானே. நீங்க ஏம்மா அதையும் எடுத்துக்கறீங்க?” என்று டார்கஸ் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஹுல்டா எப்படி இருப்பாள் என்று அம்மையார் மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை பதில் வரும்வரை காத்திருந்தார்.

குதிரைகளை நான் ஓட்டினேன். பின்னால் டார்கஸ் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹுல்டாவுக்கு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி உண்டு; அதன் வழியாக விசில் அடிப்பாள். வாத்துகளைக் கண்டால் அலறுவாள். சோளக் கதிரைப் பச்சையாகவே தின்பாள். மகா பொய்க்காரி. அம்மையார் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். ஏரி கண்ணில் பட்டபோதும் டார்கஸ் நிறுத்தவில்லை. நான் குதிரைகளைக் கொஞ்சம் மெதுவாகவே நடக்கவிட்டேன்.