எண்பத்திரண்டு சதவீதம்

1
இந்தக் கதைக்குக் காரணம் என் கைவிரல். திருப்பதியில் என் அக்கா கணவர், அத்திம்பேர் பூவராகவன் வீட்டில் சனிக்கிழமைதோறும் ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து பாடும் பிரபந்த கோஷ்டி கூடும். இருபது வருஷமாக முதல் அடியை எடுப்பவர் அவர்தான். சித்தூரிலிருந்து போயிருந்த நான், எல்லோருக்கும் எழுத்து பெரிதாகத் தெரியட்டுமே என்று அவருடைய டேப்லெட்டை டிவியோடு இணைத்தேன். பாசுரத்துக்கு முன்னால் அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களின் பட்டியல் வந்து நின்றது. பாசுர வியாக்கியானம்: 4 சதவீதம். கடவுள் இல்லை என்று முந்நூறு பக்கம் வாதாடும் ஒரு நூல்: 82 சதவீதம்.

(உதவி செய்வது எனக்குப் பழைய வியாதி.)

"ஏமி ஸ்வாமி, அந்தப் பக்கம் நல்ல ஸ்பீடா இருக்கேளே," என்றார் கூடப் பாடும் வரதராஜன். கோஷ்டியில் யாரும் சிரிக்கவில்லை.

2
அடுத்த சனிக்கிழமை பதினொரு பேரில் நாலு பேர்தான் வந்தார்கள். இனி வரதராஜன் வீட்டில் கூடலாம், அவரே முதல் அடி எடுக்கட்டும் என்று பேச்சு.

3
நிஜத்தில் கெடுத்ததைக் கதையில் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

வரைவு ஒன்று: படித்தது அவர் மகள் மைத்ரேயி. (அவளுக்கே போனில் அனுப்பிக் காட்டினேன். "ஏன் மாமா, நீங்க பண்ணினதுக்கு என் தலையா கெடச்சுது?" அந்த வரைவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

வரைவு இரண்டு: படித்தவன் நானே. ஊருக்கு வரும்போதெல்லாம் ரகசியமாக அந்த டேப்லெட்டை எடுத்து... வேண்டாம். நான் முழுசாகப் படிப்பது பஸ் டிக்கெட் மட்டும்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

வரைவு மூன்று: எதிர்வாதத்தை முறியடிக்கவே அவர் அதைப் படித்தார். கோஷ்டி நெகிழ்ந்தது. இது நன்றாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது.

4
மூன்றையும் எடுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.

"எது பொருந்தறதோ சொல்லுங்கோ அத்திம்பேர். எல்லார்கிட்டயும் அதையே சொல்லிடறேன்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "மூணாவதுல நான் நன்னாப் பேசறேன்."

"அப்போ நிஜமா எதுக்குப் படிச்சேள்?"

"காபி ஆறறது, குடி."

இந்த இடத்தில், முடிவு உங்கள் கையில் என்று வாசகரிடம் தள்ளிவிட்டு நழுவுவதாகத்தான் திட்டம். வாய் சும்மா இருக்கவில்லை.

"நம்பிக்கை போயிடுத்தா, அத்திம்பேர்?"

தாள்களை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"கொஞ்சம் போயிடுத்துடா. திரும்பி வரதான்னு யாருக்கும் தெரியாம தனியாப் பாத்துண்டிருந்தேன். நீ ஊரைக் கூட்டிக் காட்டிட்டே."