பொய்யாகக் குறையும் எண்

"உயிர் என்பது முத்திரைகளின் வரலாறு. நோய் என்பது முத்திரை பிசகிய கதை."

பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். வாக்கியம் கடைசி வரிசைவரை போய்ச் சுவரில் மோதித் திரும்பிவர அவகாசம் கொடுக்கிறார் என்று தோன்றியது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், மைக் ஆன்ல இல்ல சார்" என்றாள். அவர் பொத்தானை அமுக்கிவிட்டு மறுபடி சொன்னபோது, அது பேருந்து நிலையத்து அறிவிப்பு மாதிரி இருந்தது.

அந்த மருத்துவக் கல்லூரியில் அவர் உயிர்வேதியியல் துறைத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முத்திரை'. அவருக்கும் அது தெரியும். பட்டம் என்பது தானாக வந்து சேருவதுதானே என்று உள்ளூர மகிழ்ந்துதான் இருந்தார். ஒரு புரதம் செல்லுக்குள் உருவாகிவிட்டால் மட்டும் போதாது, அதன் மேல் விழும் சின்னச் சின்ன முத்திரைகள்தான் அது என்ன வேலை செய்யும் என்று தீர்மானிக்கின்றன என்பது அவருடைய வாழ்நாள் பாடம். "பொறந்த உடனே ஒருத்தன் ஆளாயிடுவானா? அப்புறம்தான் எல்லாமே இருக்கு" என்பார். பாஸ்பேட் முத்திரை விழுந்தால் தூங்குகிற புரதம் எழுந்து வேலைக்குப் போகும். அதை எடுத்துவிட்டால் திரும்பப் படுத்துக்கொள்ளும். வேறொரு முத்திரை விழுந்தால் கதை முடிந்தது. வெட்டப்போகிற மரத்தில் சிவப்பு வர்ணம் அடித்துவிட்டுப் போவது போல. செல்லின் குப்பைக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவான். "முத்திரை விழ வேண்டியதுல விழலைன்னா? வெளிய போக வேண்டியது உள்ளயே உக்காந்துக்கும். வளரு, வளருன்னு செல்லைத் தூண்டிவிட்டுக்கிட்டே இருக்கும். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குது." இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் எதுவும் இருக்காது. நல்ல உதாரணம் கிடைத்த நிறைவுதான் இருக்கும்.

அவருக்கு மிகவும் பிடித்தது சர்க்கரையின் முத்திரை. அதைக் குத்துவதற்கு யாரும் வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகச் சுற்றினால், அதுவாகவே போய்ச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். அழையா விருந்தாளி. சிவப்பணு சாகும்வரை ஒட்டியதுதான். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த மூன்று மாதத்து வண்டவாளம் வெளியே வந்துவிடும். "சோதனைக்கு முந்தின நாள் பட்டினி கெடந்து என்னை ஏமாத்தலாம். புரதத்தை ஏமாத்த முடியாது" என்று சொல்லி அடுத்த ஸ்லைடைப் போடுவார்.

அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே அழகாக இறங்கும். எட்டரை சதவீதத்தில் தொடங்கி, ஏறக்குறைய இயல்பான ஐந்தே முக்காலில் முடியும். 'ஒரு பெண்மணி, முறையான கண்காணிப்பில்' என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் பெண்மணி அவர் மனைவி என்பது கல்லூரிக் காவலாளிக்குக்கூடத் தெரியும்.

வைத்தியன் வீட்டில் நோய் தீராது, வாத்தியார் பிள்ளைக்குப் படிப்பு வராது என்பார்கள். அவர் பாதி வைத்தியர், பாதி வாத்தியார். இரண்டு பழமொழியையும் முறியடிக்கவென்றே மனைவிக்குச் சர்க்கரை வந்தது என்று நினைத்தார். அவள் தட்டில் எது விழுகிறது என்று பார்த்தார். அலமாரிகளைச் சோதித்தார். விரலில் குத்திப் பார்க்கும் சின்னக் கருவியை, "இது இன்னிக்கு அடிக்கிற அரட்டை. எனக்கு வேண்டியது வரலாறு" என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவு வரும். எட்டரை. எட்டே கால். மறுபடி எட்டரை. ஒவ்வொரு முறையும் அவர் காகிதத்தை அவள் முன்னால் நீட்டி, "புரதம் பொய் சொல்லாது" என்பார். அவள், "அது சொல்லாதுங்க, அதுக்கென்ன, அதுக்கா பசிக்குது?" என்று பாத்திரத்தைத் துலக்கப் போய்விடுவாள்.

அப்புறம் ஒருநாள் ஏழு வந்தது. அடுத்து ஐந்தே முக்கால். அவர் அதைத் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டினார், டீனுக்குக் காட்டினார், மின்தூக்கியில் மாட்டிக்கொண்ட ஒரு மயக்க மருந்து நிபுணருக்கும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தபோது அவனுக்கும் காட்டினார்.

"எங்கக்கா உங்களுக்குப் பொண்டாட்டியா, ஆராய்ச்சி எலியா அத்தான்?" என்றான் மச்சினன்.

"எலியா இருந்தா சொன்ன பேச்சு கேட்டு நம்பர் முன்னாடியே எறங்கியிருக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தம்பிதான் கவனித்தான். "என்னக்கா, வெளுத்துப் போயிருக்க? மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு வேற சொன்னியே?"

"உடம்பு பழகுது" என்று அவள் சார்பில் அவர் பதில் சொன்னார். "இத்தனை வருஷம் சர்க்கரையில மெதந்த உடம்பு. கொஞ்சம் சோர்வு இருக்கத்தான் செய்யும். நல்ல அறிகுறி."

நல்ல அறிகுறி கூடிக்கொண்டே போனது. துணி உலர்த்த மாடிக்குப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, ஈரத்துணி வாளியை மடியில் வைத்தபடி, கீழே போகவும் முடியாமல் மேலே போகவும் முடியாமல் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் பார்த்துக் குரல் கொடுத்தார். பேராசிரியர் ஓடிவந்து முதலில் கேட்டது, "காலையில சாப்பிட்டியா?" என்பது.

மருத்துவமனையில் அவளைப் பார்த்த டாக்டரம்மா அவருடைய பழைய மாணவி. வகுப்பில் எப்போதும் மூன்றாவது வரிசை. டாக்டரம்மா, அவர் மனைவியின் கீழ்க்கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே காகிதம் போல வெளுத்திருந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. அடுத்தடுத்து சோதனைகள் நடந்தன. கடைசியில் டாக்டரம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தான் உட்காராமல், அவரை உட்காரச் சொன்னாள்.

"குடல்ல கட்டி சார். மெதுவா கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, ரொம்ப மாசமா. வெளிய தெரியிற அளவுக்கு இல்ல. இப்ப கல்லீரலுக்கும் போயிருக்கு."

அவர் தலையாட்டினார். வகுப்பில் சரியான விடை சொன்ன மாணவிக்கு ஆட்டும் அதே தலையாட்டல். வேறு தலையாட்டல் அவருக்குப் பழக்கமில்லை.

அவள் பழைய முடிவுகளைப் புரட்டினாள். ஐந்தே முக்காலில் வந்து விரல் நின்றது. "இது கொறைஞ்சப்பவே ஹீமோகுளோபினும் பாத்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு, வாத்தியாரிடம் பாடம் ஒப்பிக்கிற பழைய பழக்கம் போலும், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ரத்தம் கசிஞ்சா உடம்பு புதுசு புதுசா சிவப்பணு செய்யும். புது அணுவுல சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது. அதனால எண் பொய்யா கொறையும். நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. நன்றியாகத்தான் சொன்னாள். அதனால்தான் அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேசையின் மேல் குடலின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று இருந்தது. அதைப் பார்த்தார்.

நோயாளிகள் கூடத்தில் மனைவிக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியான வெயில் திரைச்சீலையில் மஞ்சளாக நின்றது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது, யாருடைய நிறமோ. கட்டி என்பதை டாக்டரம்மாவே அவளிடம் சொல்லியிருந்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தார். அந்த எண் இறங்கிய அன்றைக்கே உன் உடம்பு என்னைக் கூப்பிட்டது, நான் அதற்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன் என்று.

அவள் முந்திக்கொண்டாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நான் நிறுத்தவே இல்ல."

"எதை?"

"பிஸ்கட்டை. அந்த நம்பர் கொறைஞ்சப்பவும் தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்பவையும் விட கூடவே தின்னேன். எப்படிக் கொறைஞ்சுதுன்னு எனக்கே தெரியல. சொல்லிரலாம்னு வந்தேன். நீங்க ஊரெல்லாம் காட்டிக்கிட்டு, பாட்டு பாடிக்கிட்டே குளிச்சீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க பாடி நான் கேட்டதில்ல. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

உலகத்தில் அந்த எண் பொய் என்று தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அவளிடம் மட்டும்தான் அவர் எதுவும் கேட்கவில்லை.

"அதனாலதான் இது வந்துச்சா?" என்றாள் அவள். குரல் சிறுத்துவிட்டது. "நான் திருட்டுத்தனமா தின்னதாலயா?"

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எனக்காகச் சொல்றீங்க. அப்ப நம்பர் எப்படிக் கொறைஞ்சுச்சு? நான் ஏதோ பண்ணிட்டேன், உடம்பு உள்ள குழம்பிப்போச்சு. அப்படித்தானே?"

இதற்குப் பதில் அவர் வாயில் தயாராக இருந்தது. வருஷம் தவறாமல் மைக் வைத்துச் சொன்ன பதில். அதைச் சொன்னால் அவளுடைய குற்றம் அந்த நிமிஷமே போய்விடும். ஆனால் அது எங்கேயும் போகாது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மேல் வந்து ஏறிக்கொள்ளும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"லேப்ல தப்பு" என்றார். "யாரோடதோ மாத்திக் குடுத்துட்டானுங்க."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மெல்ல மூச்சுவிட்டாள். "அதானே. நானும் நெனச்சேன், ஏதோ தப்புன்னு."

அன்று சாயங்காலம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். கட்டியைப் பற்றி ஒரு வரி, பரிசோதனைக்கூடத்தைப் பற்றிப் பத்து வரி. பேச ஏதோ கிடைத்த தெம்பு அவளுக்கு. மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "எந்த லேபு அத்தான்? அட்ரஸ் குடுங்க. போய் உண்டு இல்லைன்னு பண்ணிட்டு வரேன்."

"விடுப்பா. மனுஷன்தானே, தப்பு நடக்கும்."

"உங்களுக்குத் தங்கமான மனசு அத்தான்."

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து, இனிமேல் பத்தியம் ஒன்றும் வேண்டாம், ஆசைப்பட்டதைச் சாப்பிடட்டும் என்றாள். அந்த அனுமதியின் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. மனைவிக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் அவள், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட மாதிரி முகம் மலர்ந்து, "வீட்டுக்குப் போயிட்டு வரும்போது என் டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எங்க வெச்சிருக்க?"

"உங்க புக்குக்குப் பின்னாடி."

"எந்த புக்கு?"

"நீங்க எழுதினது. அதை யாரு எடுக்கப்போறா?"

அவர் எழுதிய பாடப்புத்தகத்தின் விற்காத பிரதிகள் கூடத்து அலமாரியில் மேல்தட்டு முழுக்க நின்றன. வீட்டில் எல்லா இடத்தையும் சோதித்தவர் அந்தத் தட்டை மட்டும் தொட்டதில்லை. நாற்காலி மேல் ஏறி நாலைந்தை எடுத்தார். பின்னால் வட்டமான தகர டப்பா. கையில் இருந்த பிரதியை நாற்காலியில் நின்றபடியே பிரித்தார். தேட வேண்டியிருக்கவில்லை. கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இருந்தது: இரத்தம் இழப்பவர்களில் இந்த எண் பொய்யாகக் குறையும். திடீரென்று குறைந்தால் மகிழ வேண்டாம், காரணம் தேடுக. 'மகிழ வேண்டாம்' என்பதை அவரே யோசித்துச் சேர்த்திருந்தார். மாணவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. டப்பாவைத் திறந்தார். பிஸ்கட் நமத்துப் போயிருந்தது. நின்றபடியே இரண்டைத் தின்றார். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. புத்தகங்களை முன்போலவே வரிசையாக அடுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்.

மருத்துவமனையில் அவள் டப்பாவை மடியில் வைத்து, ஊசி குத்தாத கையால் மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். விரலால் ஒருமுறை துழாவினாள்.

"ரெண்டு கொறையுது."

"நான் தொடவே இல்லம்மா. நீதான் கணக்குத் தப்பா வெச்சிருப்ப."

அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். மென்றுகொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீசையில் துகள் ஒட்டியிருந்தது.