ஆச்சியின் கழுத்து

ராஜேஸ்வரி ஆச்சிக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். இல்லாவிட்டால் என்னிடம் ஏன் வரப்போகிறார்? கழுத்துச் சுருக்கத்துக்கு போடோக்ஸ், இல்லையென்றால் ஃபில்லர் என்று பங்சாரில் ஒரு தோல் டாக்டர் சொன்னதும், இரண்டும் ஊசிதான் என்று தெரிந்துகொண்டு எழுந்து, நேராக பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் பியூட்டி பார்லருக்கு வந்துவிட்டார். செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். மற்றபடி அவர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். பல வருடப் பழக்கம்.

"அவருக்கு அறுபதாம் கல்யாணம் வருது ரமணி. கழுத்துரு போடணும். வர்றவங்க எல்லாரும் கழுத்தத்தான் பாப்பாங்க. இதப் பாரு, கோடு கோடா, தோல் தொங்குது."

கழுத்துரு என்பது அவர்கள் கல்யாணத்தில் பெண் அணிகிற கனத்த தங்க நகை. பிறகு கணவனின் அறுபதில்தான் மறுபடி கழுத்தில் ஏறும். அதற்குக் கழுத்து கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். ஆசையில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் என்னுடையது.

"ஊசியெல்லாம் எதுக்கு ஆச்சி? புது மெஷின் வாங்கியிருக்கேன். தோலுக்குள்ள சூடு குடுக்கும், தோல் இறுகிடும். வலிக்காதுலா."

மெஷினை விற்ற சீனப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் சூடு அதில் ஏறித் தோலைச் சுட்டுவிடும். மற்றவர்களை அதட்டியே சங்கிலியைக் கழற்ற வைத்திருக்கிறேன். ஆச்சி படுத்ததும் தோட்டைக் கழற்றச் சொன்னேன், வளையலைக் கழற்றச் சொன்னேன். தாலி? அறுபதாம் கல்யாணத்துக்கு நிற்கிற சுமங்கலியிடம் தாலியைக் கழட்டுங்க என்று எந்த வாயால் சொல்வது? என் அம்மா கேட்டால் செருப்பாலேயே அடிப்பாள். பெரிய கெட்டிக்காரி போலத் தாலிச் சங்கிலியைப் பின்னுக்குத் தள்ளி, துண்டைச் சுற்றி ஒதுக்கிவிட்டு மெஷினை வைத்தேன்.

"ரமணி, இந்தப் பக்கம் ரொம்பச் சுடுது."

"சுட்டாத்தான் ஆச்சி சுருக்கம் போகும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பாவி நான் சொன்னேன் என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கிள்ளானில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போட்டோ அனுப்பியிருந்தார். கழுத்தின் இடப்பக்கம், சங்கிலி கிடந்த இடத்தில், சங்கிலியின் தடமாகவே கொப்புளம். உடனே டாக்டரிடம் போகச் சொன்னேன். ஏன் சுட்டது என்று மட்டும் சொல்லவில்லை. கணவருக்குத் தெரியாமல் செய்துகொண்ட சிகிச்சை என்பதால், இடியாப்ப ஆவி பட்டுவிட்டது என்று டாக்டரிடம் சமாளித்திருக்கிறார். ஆறிவிடும், தழும்பு கொஞ்ச நாள் இருக்கும் என்று மருந்து கொடுத்தாராம்.

மன்னிப்புக் கேட்கத்தான் கிள்ளானுக்குப் போனேன், சத்தியமாக. ஆச்சி என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் ஏன்? அதுவும் தாலி கெடக்குற எடத்துல? தாலியே சுடுதுன்னா என்ன அர்த்தம்? அவருக்கு என்னமோ வரப்போகுது ரமணி. இந்த வயசுல மினுக்கணும்னு நெனச்சேன்ல, சாமி காட்டிருச்சு. அறுபதாம் கல்யாணமே வேணாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்படியெல்லாம் நெனைக்காதீங்க ஆச்சி" என்றேன். அவ்வளவுதான். கடைப் பெயர் கெட்டுவிடுமே, யாராவது புகார் கொடுத்துவிடுவார்களே என்ற பயம். சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புண்ணுக்கு மருந்து தடவிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் மருந்து போடுகிற சாக்கில் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஆச்சி இளைத்திருந்தார். விரதம் வேறு. கணவர் இருமினால் ஆச்சியின் முகம் வெளுத்துவிடும். கணவர் தூங்கும்போது மூக்கருகில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் ஆச்சியின் கணவர் சோலையப்பன் அங்கிள் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ரமணி, ஆச்சி மண்டபத்த கேன்சல் பண்ணச் சொல்றா. ஏன்னு கேட்டா அழறா. எம்மேல ஏதும் கோவமா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

அந்த மனுஷர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உள்ளே போய், உட்காராமலேயே கொட்டிவிட்டேன்.

"ஆச்சி, சாமியும் இல்ல, சகுனமும் இல்ல. மெஷின் வைக்கறப்ப கழுத்துல தங்கம் இருக்கக்கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன். தாலியக் கழட்டுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. என்ன வேணும்னாலும் திட்டுங்க."

ஆச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கழட்டச் சொன்னா நான் மாட்டேன்னு சொல்லிருப்பேன்னு நெனச்சியா?"

"ஆமா ஆச்சி."

"போன வருஷம் முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அங்க ஒரு மலாய்க்காரப் பொண்ணு, ஆன்டி, செயினக் கழட்டணும்னு சொல்லுச்சு. கழட்டி இவர் கையில குடுத்துட்டுப் போய்ப் படுத்தேன். கேட்டிருந்தா கழட்டியிருப்பேனே ரமணி. அவருக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டுக் கெடந்தேனே இத்தன நாளும். நீ வந்து வந்து மருந்து போட்டியே, வாயத் தொறந்தியா?"

ஆச்சி தாலிச் சங்கிலியைத் தலை வழியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"என்னங்க, இதக் கொஞ்சம் வச்சிருங்க. கழுத்து எரியுது. மண்டபம் இருக்கட்டும், கேன்சல் பண்ண வேணாம்."

"அப்பாடா" என்றார் அங்கிள். சங்கிலியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டிவியில் பந்தாட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தார்.

ஆச்சி வெறுங்கழுத்தோடு திரும்பி வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். நான் அவசரமாக மருந்து ட்யூபின் மூடியைத் திருகினேன். அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையை நீட்டினார்.

"குடு. நானே போட்டுக்கறேன்."