எட்டு விரல் இடைவெளி

ரதீஷ் மரம் அறுக்கும் மிஷினை ஓடவிட்டு, உடனே அணைத்தான். சித்தி சொர்ணம்மாள் தென்னையின் அடிமூட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் சிவதாணு நேற்றுக் காலை இந்த மரத்திலிருந்துதான் விழுந்தார். குழித்துறையில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாக மகள் ஆதிரா போன் செய்திருந்தாள். அதற்குள் மரத்தைச் சாய்க்க வேண்டும் என்றார் ரதீஷின் அப்பா தாணுமாலயன், செத்தவருக்கு அண்ணன். ஆளை எடுத்த மரம் நிற்கக்கூடாது. தவிர, ஐந்து சென்டு வீட்டு மனையில் சிதைக்கு விறகு அடுக்க இந்த மூலையை விட்டால் வேறு இடமும் இல்லை.

சொர்ணம்மாள் எழவில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் முதல் பிள்ளை பதினோராம் நாள் செத்தது. பேர்கூட வைத்திருக்கவில்லை. இந்த மூலையில் புதைத்து, மேலே சிவதாணு ஒரு தென்னங்கன்று நட்டார். அதே நாளில் கிணற்றடியிலும் ஒன்று. கிணற்றடி மரம் தடித்து, குட்டையாக நின்று, குலைகுலையாகக் காய்த்தது. இது மெலிந்து அதைப்போல் இரண்டு மடங்கு உயரம் போயிற்று. பிள்ளை உள்ளேயிருந்து வளர்கிறான் என்றாள் சொர்ணம்மாள். இருக்கும் என்றார்கள் பக்கத்துப் பெண்கள்.

ஆயுசு முழுக்கக் கூலிக்கு மரமேறிய சிவதாணு ஒத்துக்கொள்ளவில்லை.

"பிள்ளையுமில்ல, ஒண்ணுமில்லட்டி. அண்ணனுக்க ரப்பர் வெயில மறைக்கு. வெளிச்சத்துக்காக்கும் இது இப்பிடி ஓடுது. தடியில பெலம் கெடையாது. வெட்டிருவோம்."

"எனக்க பிள்ளைய வெட்டப் போறேன்னு சொல்லுங்க."

பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளை செத்த நாளில் வருடாவருடம் படைக்க இந்த மரத்துக் காய் இரண்டு அவளுக்கு வேண்டும். மரம் ஆடுகிறதென்று மற்ற ஏற்றக்காரர்கள் கைவிட்ட பிறகு அவரே ஏறினார். நேற்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. தடி வழுக்கும், நாளைக்கு ஏறுகிறேன் என்றார். நாள் இன்றைக்குத்தானே என்றாள் அவள்.

தாணுமாலயன் வேலிக்கு அந்தப் பக்கம் தன் ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க ரப்பர் மேலயாக்கும் விழும், அத்தான்." சொர்ணம்மாள் எழுந்தாள்.

"விழட்டு."

விழுந்தது. இரண்டு ரப்பர் கிளைகள் முறிந்து பால் சொட்டின.

அவள் தடியோரமாகவே நடந்தாள். மட்டை கழன்ற வளையங்கள் மூட்டுப் பக்கம் நாலு விரல் இடைவெளியில் இருந்தன. இரண்டாள் உயரத்துக்கு மேல் அவை விலகின. குனிந்து விரல் வைத்துப் பார்த்தாள். ஆறு. எட்டு. வெகுதூரம் எட்டு. ரப்பரின் உச்சியைத் தாண்டியிருக்கக்கூடிய இடத்தில் மறுபடியும் நாலு, பிறகு மூன்று. அங்கே விரலை எடுக்காமல் நின்றாள். அதற்கு மேல், அவர் நேற்று அறுக்கப் போன குலை. முற்றிய காய் இரண்டே இரண்டு.

ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அப்பாவின் தலைமாட்டில் உடைத்து வைக்கத் தேங்காய் வேண்டுமென்று ஆதிரா சொல்லியிருந்தாள். ரதீஷ் கிணற்றடி மரத்தைப் பார்த்து நடந்தான்.

சொர்ணம்மாள் அவனைக் கூப்பிட்டு, குலையிலிருந்து ஒரு காயைத் திருகிக் கொடுத்தாள். அடுத்ததையும் திருகினாள்.

"ஒண்ணு போரும் சித்தி."

அதையும் அவன் கையில் வைத்தாள்.