மாப்பிள்ளைக்கு ஒரு மெரிசிக்

எங்கள் பினாங்கில் பெண் கேட்டு வருவதற்கு முன்னால் மெரிசிக் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பற்றி ஓசைப்படாமல் விசாரிப்பது. சூலியா தெருவில் இருக்கும் வாப்பாவின் நாணயமாற்றுக் கடைக்கு வந்து, மாற்றத் தேவையே இல்லாத பணத்தை மாற்றிக்கொண்டு, “வீட்டுல பிள்ளைங்க எத்தன பாய்?” என்று கேட்பவர்கள் எல்லாம் அந்தக் கூட்டம்தான். பெண்ணை இப்படி வேவு பார்க்கலாமாம், மாப்பிள்ளையைப் பார்த்தால் மட்டும் குற்றமாம். நான் பார்த்தேன்.

காரணம் என் அக்கா அமீரா. அவளை மச்சான் பெண் பார்க்க வந்த அன்று முறுக்கைக்கூடச் சத்தம் வராமல் கடித்தார். இன்று கறியில் உப்புக் குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். அக்கா அதைப் பற்றிப் பேசமாட்டாள். எனக்குப் பயம் பிடித்தது அங்கேதான். கத்துகிற ஆளோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது.

ஜுரு தொழிற்சாலையில் இன்ஜினியர் ஹக்கீம் என்று ஒரு வரன் வந்தபோது உம்மா சொன்னார்: “சிகரெட் இல்ல, வெட்டியா சுத்துறதில்ல. சாயங்காலமானா கம்ப்யூட்டர்ல ராக்கெட் ஓட்டுவாராம். அவ்ளோதான் லா.”

ராக்கெட் இல்லை, விண்வெளிக் கப்பல். அதே விளையாட்டை வாங்கி, பினாங்கு ஆட்கள் சேரும் குழுவைத் தேடிப் பிடித்து, எங்கள் ஊர் ஐஸ் பலகாரமான ‘செண்டோல்’ என்ற பெயரில் நுழைந்தேன். பெண் குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, “மைக் கெட்டுப்போச்சு அண்ணே, டைப் மட்டும்தான்” என்று எழுதிவைத்தேன். குழுத் தலைவர் ஹக்கீமேதான். முதல் நாள் என் கப்பல் நிலையத்தை விட்டு வெளியே போவதற்குள் கதவில் மோதி வெடித்தது.

“தம்பி, கதவு திறந்தப்புறம் போகணும்,” என்றது ஹெட்போனில் அவர் குரல்.

மற்றவர்கள் சண்டைக்கு அலைந்தார்கள். ஹக்கீமுக்குப் பிடித்தது வேவுப் பயணம். எதிரிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பதுங்கிப் போய், விளக்கையும் இன்ஜினையும் அணைத்துவிட்டு, பாறைக்குப் பின்னால் மிதந்தபடியே படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். சுடவே கூடாது. ஒரு தடவை சுட்டாலும் எல்லாம் பாழ். ஆக, மனுஷனும் மெரிசிக்காரர்தான்.

நாலைந்து பயணம் கூடவே போனேன். தங்கமான ஆளாகத்தான் தெரிந்தார். ஆனால் கறி ருசியாக இருந்தால் என் மச்சானும் தங்கம்தான். கறியைக் கெடுத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை, ஹக்கீம் வாரக்கணக்கில் தேடிய எதிரிப் படை கண்ணில் பட்டது. பாறைக்குப் பின்னால் ஒளிந்தோம். தன் வீட்டு அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு, எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் கிசுகிசுத்தார்.

“இன்னும் ஒரே படம் தம்பி. மூச்சு விடாத.”

சுட்டேன்.

எதிரிகள் பாய்ந்து வந்தார்கள். எங்கள் கப்பல் இரண்டும் பொடிப் பொடி. திட்டு விழப்போகிறது என்று ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்திருப்பார். அது அணையவில்லை. “மாங்கா மடையன்! சரியான மாங்கா மடையன்! யாருடா இவன சேர்த்தது? நான்தான்!” நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மடக் மடக்கென்று ஒரு கோப்பைத் தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம். கடைசியில் செருமிக்கொண்டு, தேன் குரலில், “பரவால்ல தம்பி. கை பட்டிருக்கும். நாளைக்கி மறுபடி போலாம்.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. முன்பின் தெரியாத செண்டோலுக்காகத் தண்ணீர் குடித்தவர், வீட்டுக்காரிக்காகக் குடிப்பாரா?

மறுநாள் அவர் அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். “இன்னிக்கே பதில் சொல்லணும் ஐனா, இழுத்தடிக்காத,” என்று உம்மா டீத் தட்டைக் கையில் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்தது நான் வேண்டுமென்று செய்ததில்லை. கம்பள ஓரத்தில் கால் தடுக்கி, ஒரு கோப்பை டீ முழுவதும் அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. நல்லவேளை, டீ ஆறிப்போயிருந்தது.

அமீரா அக்கா கதவோரம் தோளைக் குறுக்கிக்கொண்டாள். சத்தம் வரும் என்று காத்திருக்கிறாள். ஹக்கீமின் முகம் சிவந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. முதல் சொல் ‘மாங்கா’ என்பதை என்னால் படிக்க முடிந்தது.

பிறகு மேசையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்தார். மடக் மடக்.

“பரவால்ல,” என்றார். “கை பட்டிருக்கும்.”

அக்காவின் தோள் மெல்ல இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

“கால்தான் பட்டுச்சு அண்ணே. நாளைக்கி மறுபடி போலாமா?”

ஹக்கீம் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

“நீங்கதானா அந்த மாங்கா மடையன்?”

அவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வந்தவர்களை வெளியே அனுப்பிவிடும் முகத்தோடு உம்மா எழுந்தார். நான் முந்திக்கொண்டு காலிக் கோப்பையை எடுத்தேன்.

“எனக்கு சம்மதம் உம்மா,” என்றேன். “இருங்க, இவருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டாறேன்.”