குழிச்சிக்கு ஒரு குரல்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குச் சத்தம் சேர்ப்பது அவள் வேலை. வாள் உரசுவது, மதில் இடிவது, குதிரை ஓடுவது என்று மூன்று வருடமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இப்போதுதான் ஓர் இனத்துக்கே குரல் தேடும் பொறுப்பு வந்திருந்தது.

அவர்கள் கம்பெனி விளையாட்டில் மனிதர், ராட்சதர், வனதேவதை என்று மூன்று படைகள். ஆடுகிறவர் மவுஸைத் தட்டித் தட்டித் தங்கம் தோண்ட வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும். உன் முறை, என் முறை என்பதெல்லாம் கிடையாது. நீங்கள் தலையைச் சொறிகிற நேரத்தில் எதிரி மதில் ஏறிவிடுவான். அந்த விளையாட்டுக்கு இப்போது ஒரு எக்ஸ்பான்ஷன் பேக், அதாவது கூடுதல் பாகம், தயாராகிக்கொண்டிருந்தது. அதில் புதிதாக, பூமிக்கு அடியில் வாழும் குழியர்கள். அவர்களில் மண் தோண்டும் வேலைக்காரிக்குக் குழிச்சி என்று பெயர். குட்டையாக, உருண்டையாக, மூக்கு நுனியில் மண்ணோடு இருப்பாள். அவளைத் தட்டினால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா! ஓர் ஆட்டத்தில் குழிச்சியை முந்நூறு தடவை தட்டுவார்கள். முதல் தடவை சிரிப்பு மூட்டுகிற வசனம் நாற்பதாவது தடவை பல்வலி மாதிரி ஆகிவிடும். முதலில் ஒரு நாடக நடிகையை அழைத்து வந்து, "ஆணையிடுங்கள் அரசே! மண்ணைப் பிளக்கிறேன்!" என்று பேச வைத்தாள். ஆடிப் பார்த்துக் குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் தாடி, பதினேழாவது நிமிடம் ஹெட்போனைக் கழற்றினான்.

"இந்தம்மா இன்னொரு தடவை மண்ணைப் பிளந்தா நான் வேலையை விட்டுடறேன்" என்றான்.

அடுத்து, கீச்சுக்குரலில் பேசும் ஒரு மிமிக்ரி கலைஞர். ஒன்பதே நிமிடம்.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரும்மா. சரிப்படலைன்னா குரலே வேணாம். தட்டினா 'டொய்ங்'னு ஒரு சத்தம் வரட்டும், போதும்."

சவுண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடம் காத்திருந்தது ஒரு டொய்ங்குக்கா?

அன்று சாயங்காலம் அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் இருப்பது அக்கா வீட்டில்தான். அக்கா ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். டூட்டி முடிந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் உள்ளேயிருந்து, "அம்மா, இவன் என்னை அடிக்கிறான்!"

"இதோ வரேன்."

"ஏம்மா, என் கண்ணாடியைப் பாத்தியா?" இது அக்கா புருஷன்.

"ம், உங்க தலை மேலதான் இருக்கு."

"அக்கா, எனக்கு டீ" என்றாள் சவுண்டு, பழக்கதோஷத்தில்.

"ஆகட்டும், ஆகட்டும்."

சவுண்டு சட்டென்று நிமிர்ந்தாள். வார்டில் முப்பது கட்டில், வீட்டில் நாலு வாய். நாள் முழுக்க யாராவது அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலில் சிடுசிடுப்பும் இல்லை, வழிசலும் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே!

"பூமிக்கு அடியில மண்ணு தோண்டறவளுக்கு என் குரலா? நல்ல மரியாதைடி" என்று அக்கா சிரித்தாள். இருந்தாலும் மறுநாள் காலை ஸ்டூடியோவுக்கு வந்தாள். மைக் முன்னால் நின்றதும் செய்தி வாசிக்கிறவளாக மாறிவிட்டாள். "இதோ. வருகிறேன்."

"அக்கா, வீட்ல பேசற மாதிரி பேசேன்."

"இங்க யாருமே கூப்பிடலையேடி. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. அதனால் புதன்கிழமை, அக்காவின் வார விடுமுறையன்று, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு அக்கா ஜாக்கெட்டில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டாள் சவுண்டு. முதல் பத்து நிமிடம் ஆளாளுக்கு வெட்கப்பட்டார்கள். பிறகு மறந்துபோனார்கள். வீடு வழக்கம்போலக் கூப்பிட்டது. அக்கா வழக்கம்போலப் பதில் சொன்னாள்.

வியாழக்கிழமை உட்கார்ந்து வெட்டினாள். குழிச்சிக்குப் பதில்கள் மட்டும்தானே வேண்டும், கூப்பிடுகிற குரல்களைத் தூக்க வேண்டும். அக்கா, துண்டு. அக்கா, சார்ஜர். அக்கா, இது உப்பா சர்க்கரையா? வெட்ட வெட்ட, குழந்தைகளைவிட, மாமாவைவிட, தன் குரலே அதிகம் விழுந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மீதியாக நின்ற பதில்கள் தங்கம். "இதோ வரேன்." "ம், சொல்லு." "ஆகட்டும்." "எனக்கு என்ன நாலு கையா இருக்கு?"

வெள்ளிக்கிழமை தாடி ஆட உட்கார்ந்தான். பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு சவுண்டு. பத்து நிமிடம். இருபது. தாடி ஹெட்போனைத் தொடவே இல்லை. நாற்பதாவது நிமிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"சார், இந்தக் குழிச்சிக்கு ஓய்வு குடுக்க ஒரு பட்டன் இல்லையா?"

"ஓய்வா? எதிரி வாசல்ல நிக்கிறான்யா!"

"நிக்கட்டும் சார். அவ ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து தோண்டிட்டிருக்கா. தட்டவே மனசு வரல."

மேனேஜர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு அவரும் ஒரு கால்மணி நேரம் ஆடினார். எதிரி வந்து கோட்டையைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனான். அவர் கண்டுகொள்ளவில்லை.

"குரல் இதேதான்" என்றார். "பட்டனும் வைப்போம். ஆனா அதைத் தட்டினா அவ ஏதாவது சொல்லணுமே? அந்த வசனத்தைத் திங்கக்கிழமை குடுத்துடும்மா."

சவுண்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. இதென்ன பெரிய விஷயம், ஒரு நாள் பூராவும் பதிவு செய்தது இருக்கிறதே என்று தேட உட்கார்ந்தாள். முழுவதையும் கேட்டாள். அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருந்தாள். ஓய்வெடு என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அந்த வார்த்தையை அன்று முழுக்க யாருமே அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா அடுப்படியில் நின்றிருந்தாள். "இன்னொரு வசனம் பாக்கியாம்க்கா" என்று சொல்லி மைக்கைக் குத்தினாள். பிறகு அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீ போய் உக்காரு. இனி நான் பாத்துக்கறேன்."

அக்கா அசையவில்லை. காலியான கையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"நானா?" என்றாள். அப்புறம் குரல் தாழ்ந்துவிட்டது. "ஏன்டி, யாருக்கு என்ன ஆச்சு?"

முந்நூறு தடவை கேட்டாலும் அலுக்காத வசனம் அது. சவுண்டுக்குத் தெரிந்துவிட்டது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. சும்மா உக்காரு."

அக்கா நம்பாமலேதான் போனாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், "இப்ப எந்திரிக்கலாமா?" என்று கேட்டாள்.

அதையும் பதிவு செய்திருக்கலாம். ஆனால் சவுண்டு மைக்கை அணைத்துவிட்டு, எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்று தானாகவே தேடிக்கொண்டிருந்தாள்.