இரண்டாவது வாக்குச் சீட்டு

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற ஓட்டெடுப்பில் ஹேசலும் அவள் கணவன் நெவிலும் ஓட்டுப் போடப் போவதில்லை என்பது ஜூன் மாதத்தின் முதல் வாரத்திலேயே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஹேசலுக்கு இல்லை. தொடக்கப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவள் அவள். பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. நூலகத்தில் என் மேசைக்கு எதிரே நின்று அவள் சொன்னது, செய்தித்தாள் படிக்கும் மூலை வரை கேட்டது.

"முடிச்சுட்டோம் ஜோஸி. அவன் வெளியே போகணும்னு போடுவான். நான் உள்ளேயே இருக்கணும்னு போடுவேன். ஒண்ணை ஒண்ணு கழிச்சுடும். அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் மெனக்கெட்டுப் போய் நிக்கணும்? யாரும் போறதில்லைன்னு கை குடுத்துக்கிட்டோம்."

"நெவில் எப்படி ஒத்துக்கிட்டான்?"

"ஒத்துக்காம? இதே சண்டைய இன்னும் மூணு வாரம் இழுத்தா அவன் சாப்பாட்டை அவனேதான் சமைச்சுக்கணும்னு சொல்லிட்டேன்."

அந்தச் சண்டை எனக்கும் மனப்பாடம். நெவில் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் லாரி ஓட்டுகிறவன். அவனுடைய அப்பா ஆழ்கடல் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். நெவிலுக்குப் பதினெட்டு வயதானபோது அந்தப் படகு பழைய இரும்புக்குப் போனது. அன்றிலிருந்து அவனுக்கு ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் என்றால் ஆகாது. "தன் கடல்ல விடாம உங்கப்பா படகை நிறுத்தினது ஐஸ்லாந்துக்காரன்டா, பிரஸ்ஸல்ஸ்காரன் இல்லை" என்பாள் ஹேசல். "மிச்சமிருந்த கடலைப் பங்கு போட்டுக் குடுத்தது யாரு?" என்பான் அவன். அவள் பேச்சு உடனே ராட்டர்டாமுக்குப் போய்விடும். மகள் பிரையனி அங்கே பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். யெரூன் என்ற டச்சுக்காரனோடு குடித்தனம். "நாளைக்கு நம்ம பொண்ணைப் பாக்கப் போறதுக்கு எவன்கிட்டயாவது அனுமதிச் சீட்டு வாங்கணுமா?" என்று அவள் கேட்டால் நெவில் எழுந்து தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பான்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச் சாவடி எழுத்தராகப் போய் உட்காருவது என் வழக்கம். அந்த முறை எனக்குக் கிடைத்தது ஹேசலின் பள்ளிக்கூடம்தான். அவள் தினமும் சாப்பாடு பரிமாறும் கூடத்தில், பிள்ளைகள் ஒட்டிய காகித மீன்களுக்குக் கீழே எங்கள் மேசை. வாக்காளர் பட்டியலும் அளவுகோலும் என்னிடம். சீட்டுக் கட்டு, சாவடித் தலைவர் கிரஹாமிடம். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் அவர். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஓட்டுப் பதிவு முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது, யார் எதற்குப் போட்டார்கள் என்பதை எப்போதுமே சொல்லக் கூடாது என்று காலையில் எங்களிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினார். அப்படியே நடப்போம் என்று கையெழுத்து முந்தின வாரமே போட்டாகிவிட்டது.

அப்படி ஒரு கூட்டத்தை நான் எந்தத் தேர்தலிலும் பார்த்ததில்லை. வாழ்நாளில் ஓட்டே போடாதவர்கள் வந்தார்கள். பாதிப் பேர் சொந்தப் பேனா கொண்டுவந்திருந்தார்கள். பென்சிலால் போட்டால் லண்டனில் அழித்துவிடுவார்களாம்.

ஒன்பதரை மணிக்கு நெவில் உள்ளே வந்தான். மீன் வாடை வீசும் வேலைக் கோட்டு, ரப்பர் காலணி. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே ஒரு கணம் நின்றான்.

"பேர், விலாசம்" என்றேன். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க சார்."

சொன்னான். பட்டியலில் ஹேசல் பெயருக்கு அடுத்த வரியில் இருந்த அவன் பெயரின் மேல் அளவுகோலை வைத்துக் கோடு போட்டேன். சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனான்.

ஒரு பெருக்கல் குறி போட எவ்வளவு நேரம் ஆகும்? அவனுக்குப் பின்னால் போன மூன்று பேர் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தடுப்புக்குக் கீழே ரப்பர் காலணி மட்டும் அசையாமல் தெரிந்தது. பிறகு அவன் வெளியே வந்தான். பெட்டியிடம் போகவில்லை, எங்கள் மேசைக்கு வந்தான்.

"இதை மாத்திக் குடுப்பீங்களா? தப்பாயிடுச்சு."

சீட்டு கெட்டுப்போனால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ள விதி உண்டு. அதை மடித்துக் கொடுக்கவேண்டும் என்று நெவிலுக்குத் தெரியவில்லை. மேசைமேல் விரித்தபடியே வைத்தான். கிரஹாம் சட்டென்று கவிழ்த்து, 'ரத்து' என்று எழுதி உறைக்குள் போட்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். பெருக்கல் குறி கீழ்க் கட்டத்தில், 'வெளியேற வேண்டும்' என்பதற்கு நேரே, அழுத்தமாக, அழகாக இருந்தது. எந்தத் தப்பும் இல்லை.

இரண்டாவது சீட்டை வாங்கிப் போனவன் அரை நிமிடத்தில் திரும்பினான். மடித்துப் பெட்டியில் போட்டான். என் பக்கம் பார்க்காமல் போய்விட்டான்.

அன்று முழுக்க எனக்கு அதே யோசனைதான். நாற்பது வருடமாக எதைச் சொல்லிக்கொண்டிருந்தானோ அதைத்தானே போட்டிருந்தான்? பிறகு எது தப்பாயிற்று? குறி கோணலாகிவிட்டதாக நினைத்து மறுபடி அதையே போட்டானா? மனம் மாறினானா? எதுவும் போடாமல் வெறும் சீட்டை மடித்தானா? கிரஹாமிடம் மெதுவாக, "அந்த ரெண்டாவது..." என்று ஆரம்பித்தேன். "எந்த ரெண்டாவது?" என்றார் அவர், சீட்டுக் கட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான்கு மணிக்கு ஹேசல் வந்தாள். பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது.

"அடுக்களையில என் கேக் டப்பாவை விட்டுட்டேன்" என்றாள்.

"போய் எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டு வந்தாள். போகவில்லை. வரிசையில் இருந்த இரண்டு பேரும் முடித்துப் போகும் வரை காகித மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து தன் பெயரையும் விலாசத்தையும் முழுசாகச் சொன்னாள். அவள் முகம் சிவந்திருந்தது.

நான் அளவுகோலை எடுத்தேன். கை வைத்து மறைத்தேன். என்ன மறைத்து என்ன பயன்? தினமும் முந்நூறு தட்டில் எது காலி என்று ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவள் அவள். அடுத்த வரியில் ஏற்கெனவே இருந்த கோடு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஜோஸி. அது என்ன கோடு?"

"உன் சீட்டு அவர்கிட்ட வாங்கிக்கோ."

"அவன் வந்தானா?"

"ஹேசல், என்னால எதுவும் சொல்ல முடியாது."

"பொய்யன்" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. சீட்டை வாங்கினாள், போட்டாள், டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை அவர்கள் வீட்டில் நடந்ததை மறுநாள் அவளே சொன்னாள். மேசையில் தட்டை வைக்கும்போதே ஆரம்பித்திருக்கிறாள்.

"முப்பத்தோரு வருஷத்துல நீ ஒரு தடவைகூட என்னை ஏமாத்தினதில்லைன்னு நெனைச்சேன்."

"நீயும்தானே போனே?"

"நான் டப்பா எடுக்கப் போனேன். நீ போட்டுட்டேன்னு தெரிஞ்சப்புறம்தான் போட்டேன்."

நெவில் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தான். எதற்குப் போட்டாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

காலையில் முடிவு தெரிந்தது. நாடு வெளியேறுகிறது. எங்கள் பக்கத்தில் பத்துக்கு ஏழு பேர் அப்படித்தான் போட்டிருந்தார்கள். மீன் சந்தையில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஹேசல் ஒரு மாதம் நெவிலோடு உப்பு வேண்டுமா, விளக்கை அணைக்கட்டுமா என்பதற்கு மேல் பேசவில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஹல் துறைமுகத்தில் கப்பலேறி ராட்டர்டாமுக்கு, மகளிடம் போய்விட்டாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் நெவில் நூலகத்துக்கு வந்தான். ஹேசல் எடுத்த இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. கொடுத்தான். போகாமல் நின்றான்.

"நீ பாத்தே" என்றான்.

"எதை?"

"முதல் சீட்டை."

"நான் எதையும் பாக்கலை."

"உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே, ஜோஸி. அன்னிக்கும் சொல்லலை, இப்பவும் சொல்லலை."

நான் புத்தகங்களைத் திறந்து முத்திரை இடுவதுபோல் பாவனை செய்தேன். அவன் தானாகவே சொல்ல ஆரம்பித்தான்.

"போகக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா சந்தையில எல்லாப் பயலும் போட்டாச்சா, போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தானுங்க. இவ்வளவு வருஷம் கத்திட்டு, நம்மகிட்ட வந்து கேக்குற அன்னிக்கு வீட்டுல உக்காந்திருந்தா நான் என்ன மனுஷன்? வந்தேன். போட்டேன். போட்டுட்டு நிமிர்ந்தா ஹேசல் ஞாபகம். என் வார்த்தையை நம்பி அவ வீட்டுல இருக்கா. அவ பையில இருந்து எதையோ எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு."

"அதனால?"

"அதனால அவளுக்குப் போட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"இருக்கணும்னா?"

"பின்னே? வார்த்தையைக் காப்பாத்தினது அவ. எங்க வீட்டுல இருந்து ஒரே ஒரு ஓட்டுத்தான் விழப்போகுதுன்னா, அது அவளோடதா இருக்கிறதுதானே நியாயம்?"

"வெறும் சீட்டை மடிச்சுப் போட்டிருந்தா போதுமே, நெவில்."

"அது தோணலை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் லேசாக வந்தது. அன்று நான்கு மணிக்கு ஹேசலும் வந்து போட்டதை நினைத்தேன். ஊர் முழுக்க வெளியேறச் சொல்லும்போது, இந்த வீட்டிலிருந்து இரண்டு ஓட்டும் இருக்கச் சொல்லி விழுந்திருக்கின்றன.

"இதை ஏன் அவகிட்ட சொல்லலை?"

"அவ இருந்த கோவத்துல சொன்னா, தப்பிக்கக் கதை விடுறேம்பா. மறுநாள் முடிவு வேற வந்துடுச்சு. ஜெயிச்சுட்டோம்டான்னு ஆளாளுக்கு எனக்கு பீர் வாங்கிக் குடுக்குறானுங்க. நான் போடாத ஓட்டுக்கு."

"நீ குடிச்சியா?"

"குடிச்சேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுதான் எனக்கே விளங்கலை. எனக்கு வேண்டியது நடந்துச்சு, ஆனா நான் அதுக்கு எதிராப் போட்டிருக்கேன்."

"அவ வந்ததும் சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்ல?

மாதக் கடைசியில் ஹேசல் திரும்பினாள். இரண்டாம் நாள் காலையில் நூலகம் திறந்தபோது அவள் வாசலில் நின்றாள்.

"அவன் என்னமோ சொல்றான். ரெண்டு சீட்டாம். எனக்காகப் போட்டானாம். நிஜமா?"

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன், ஹேசல்."

"வாயால சொல்ல வேண்டாம். கண்ணை மட்டும் சிமிட்டு."

"கண்ணும் அந்தக் கையெழுத்துக்குள்ளதான் வருது."

"நீ எல்லாம் ஒரு சிநேகிதி!" என்று சொல்லிவிட்டுப் போனாள். கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு சொல் போதும், சொல்லியிருக்கலாம். அன்று பகல் முழுக்க நான்கு முறை தொலைபேசியைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன்.

ஆனால் என் உதவி அவளுக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் மதியம் அவளே வந்து சொன்னாள்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நாளைக்கே மறுபடி ஓட்டு வெச்சா எதுக்குப் போடுவேன்னு."

"என்ன சொன்னான்?"

"வெளியே போகணும்னுதான் போடுவேங்கறான். கொஞ்சம்கூட யோசிக்கலை! என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடுறவனா இருந்தா, உள்ளேயே இருக்கணும்னு சொல்லியிருப்பான், இல்ல? அப்பத்தான் நம்பினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திட்டினேன். என் ஓட்டைப் போட எனக்குத் தெரியாதா, உன்னை யாரு கேட்டான்னு." அவள் குரல் இறங்கியது. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "அப்புறம் நானும் சொல்லிட்டேன். கோட்டைப் பாக்கிறதுக்கு முன்னாடியே நான் உன்கிட்ட பேரைச் சொல்லிட்டேன், இல்லையா? டப்பாவுக்காகவும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவன் பண்ணினதைத்தான் நானும் பண்ணினேன். என்ன, அவனுக்கு மனசு உறுத்திச்சு. எனக்கு அந்தக் கோடு வந்து காப்பாத்திடுச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"டீ வேணுமான்னு கேட்டான்."

அக்டோபரில் பிரையனியும் யெரூனும் ஒரு வாரம் வந்திருந்தார்கள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பொரித்த ஹேடக் மீன், உருளைக்கிழங்கு வறுவல், மசித்த பட்டாணி. யெரூன் மீனை முள்கூட மிச்சமில்லாமல் சாப்பிட்டான். நெவில் அவனிடம், எங்கள் கடலில் உங்கள் படகுகளுக்கு என்ன வேலை என்று கேட்டு ஒரு பாட்டம் தீர்த்தான். "எனக்குப் படகுன்னாலே வாந்தி வரும், மாமா" என்றான் யெரூன். ஹேசல் நடுவில் புகுந்து, மகளிடம் சீட்டுக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள்.

பிரையனி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெஜமாவாப்பா? அப்போ... என்னை நெனைச்சா போட்டே?"

எல்லோரும் நெவிலைப் பார்த்தோம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்த மேசையில் எல்லோருக்கும் சந்தோஷமாகியிருக்கும். அவன் மெல்வதை முடித்தான்.

"இல்லம்மா" என்றான். "உங்கம்மாவை நெனைச்சுத்தான். அந்த நேரத்துல நீ ஞாபகத்துக்கே வரலை."

பிரையனி எழுந்துபோய் அவன் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.